வெட்ட வெட்டப் பெரிதாகும் புண்: பயோடெர்மா கேங்ரினோசம் பற்றிச் சில குறிப்புகள்

வெட்டிச் சுத்தம் பண்ணப் பண்ணப் பெரிதாகிற ஒரு புண்ணைப் பற்றிய குறிப்பு இது. பயோடெர்மா கேங்ரினோசம் என்று அதற்குப் பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது.

நம்ம சுரண்டைப் பக்கம் காலில் அடிபடாத ஆள் கிடையாது. வயல் வேலை, சந்தையில் மூட்டை இறக்குற வேலை, முள்ளு, கல்லு, பைக் சைலென்சர் சூடு என்று ஏதாவது ஒன்று. அதனால் காலில் ஒரு புண் ஆறவில்லை என்றால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "சுகர் இருக்கா?" அடுத்தது, "கிருமி புகுந்திருக்குமோ?" இந்த இரண்டுக்கும் செய்கிற வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். செத்த சதையை வெட்டி எடுப்பது, ஆன்டிபயாடிக் கொடுப்பது, தினமும் கட்டு மாற்றுவது. சர்க்கரைப் புண்ணுக்கும் சீழ்ப் புண்ணுக்கும் அதுதான் சரியான வைத்தியம், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொல்ல வருகிற புண்ணில், வெட்டிய இடத்திலிருந்தே புதுப்புண் கிளம்பும். ஆன்டிபயாடிக் எத்தனை மாத்தினாலும் கேட்காது.

நான் டாக்டர் கிடையாது. வீட்டில் ஒருவருக்கு இது வந்ததால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தேடிப் படித்தேன். அப்படிப் படித்ததைத்தான் இங்கே முறைப்படுத்தி எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் கூடாது என்பதும் போகப்போகத் தெரியும்.

பெயர் வந்த கதை

1916-ல் லூயி ப்ரோக் என்ற பிரெஞ்சுத் தோல் மருத்துவர், ஓரம் வேகமாகப் பரவி சதையைத் தின்றுகொண்டே போகிற ஒரு வகைப் புண்ணைப் பற்றி எழுதினார். 1930-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ப்ரன்ஸ்டிங், கோக்கர்மேன், ஓலியரி என்ற மூன்று மருத்துவர்கள் இதே மாதிரிப் புண் வந்த 5 நோயாளிகளைப் பற்றி எழுதி, பயோடெர்மா கேங்ரினோசம் என்று பெயர் வைத்தார்கள். பயோடெர்மா என்றால் தோலில் சீழ் பிடிப்பது. கேங்ரீன் என்றால் சதை அழுகுவது. அந்த 5 பேரில் 4 பேருக்குப் பெருங்குடலில் புண் இருந்தது. குடலில் இருக்கிற கிருமி ரத்தம் வழியாக வந்து தோலைப் பாதிக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். அந்தக் காலத்து அறிவுக்கு அது நியாயமான ஊகம்தான்.

இன்றைக்குத் தெரிந்தவரை, இந்த நோய்க்குக் காரணம் கிருமியும் இல்லை, ரத்த ஓட்டம் நின்றுபோய் வருகிற அழுகலும் இல்லை. ஆக, பெயரின் இரண்டு பாதியும் தப்பு. ஆனால் பெயர் அப்படியே நின்றுவிட்டது. சீட்டில் இந்தப் பெயரைப் பார்க்கிற வீட்டுக்காரர்கள் 'கேங்ரீன்' என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, காலை எடுக்கப்போறாங்க என்று பயந்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பவர்களும் உண்டு. இது தொற்றுநோய் கிடையாது. தொட்டாலும் சேர்ந்து சாப்பிட்டாலும் பரவாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ரத்தத்தில் இருக்கிற வெள்ளணுக்களில் பாதிக்கும் மேல் நியூட்ரோபில் என்ற வகை. ஊரில் தீப்பிடித்தால் முதலில் வாளியோடு ஓடிவருகிறவர்கள் மாதிரி, தோலில் கிருமி நுழைந்தால் முதலில் வந்து சேர்வது இவைதான். வந்து, கிருமியை விழுங்கும். கிருமியைக் கரைக்கிற நொதிகளைக் கக்கும். வேலை முடிந்ததும் செத்துப்போகும். நாம் சீழ் என்று சொல்வதில் பெரும்பகுதி இவற்றின் பிணங்கள்தான்.

பயோடெர்மா கேங்ரினோசத்தில் கிருமி இல்லாமலேயே இவை கூட்டம் கூட்டமாகத் தோலுக்குள் வந்து இறங்குகின்றன. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-8, இன்டர்லூக்கின்-17 போன்ற அழைப்புச் செய்திகள் அடங்காமல் போய்க்கொண்டே இருக்கும். வந்த நியூட்ரோபில்கள் கக்குகிற நொதிகளுக்குக் கிருமி எது, நம் சதை எது என்று தெரியாது. சதை கரைகிறது. பார்ப்பதற்குச் சீழ்ப் புண் மாதிரியே இருக்கும். ஆனால் அந்தச் சீழுக்குக் காரணமான கிருமியைத் தேடினால் கிடைக்காது.

இங்கே ஒரு குழப்பம் வரும். "கல்ச்சரில் கிருமி வளர்ந்திருக்கே, அப்ப கிருமிப் புண்தானே?" என்று கேட்கலாம். திறந்து கிடக்கிற எந்தப் புண்ணின் மேலும் கிருமி வந்து உட்காரும். கல்ச்சரில் ஒன்று வளர்ந்தால் அது அங்கே இருக்கிறது என்றுதான் அர்த்தம். புண்ணை உண்டாக்கியதே அதுதான் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்தது, இந்த நோயின் முக்கியமான குணம். தோலில் சின்னதாக ஒரு காயம் பட்டாலும், அதற்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிய அழற்சி கிளம்பும். இதற்குப் பேதர்ஜி என்று பெயர். ஊசி குத்திய இடம், ரத்தம் எடுத்த இடம், ஆபரேஷன் தையல், கட்டுப் போட்ட பிளாஸ்திரியை இழுத்துப் பிய்த்த இடம் என எங்கே வேண்டுமானாலும் புதுப்புண் வரலாம். எல்லா நோயாளிக்கும் இது இருக்காது. நாலில் ஒருவர், மூன்றில் ஒருவர் என்ற அளவில்தான் சொல்கிறார்கள். ஆனால் இருக்கிறவருக்கு, புண்ணைச் சுத்தம் செய்ய எடுக்கிற கத்தியே அடுத்த காயம். கருணையோடு செய்கிற வேலைதான், ஆனால் நோய்க்கு அது தீனி. சிசேரியனுக்கோ வேறு ஆபரேஷனுக்கோ பிறகு தையல் ஓரத்தில் இந்த நோய் கிளம்பி, சதையைத் தின்னும் பாக்டீரியா என்று நினைத்துத் திரும்பத் திரும்ப வெட்டிய கதைகள் உலகம் முழுக்க மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன.

காணாக்கடி என்று தொடங்கும்

ஆரம்பம் பெரும்பாலும் ஒரு சின்னப் பரு, அல்லது சீழ்க்கொப்புளம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்தான் அதிகம் வருகிற இடம். நம் பக்கம் இதைப் பார்த்த உடனே "ஏதோ காணாக்கடி" என்று சொல்வார்கள். என்ன கடித்தது என்றே தெரியாத கடிக்கு இவ்வளவு பொருத்தமான சொல் நம்மிடம் இருப்பது ஒரு விதத்தில் அழகு, ஒரு விதத்தில் ஆபத்து. வெளிநாட்டிலும் இதே கதைதான். அங்கே சிலந்தி கடித்துவிட்டது என்பார்கள்.

சில நாட்களிலேயே அந்தப் பரு உடைந்து குழியாகும். சாதாரணப் பருவிலிருந்து வேறுபடுகிற அடையாளங்கள் நாலு.

ஒன்று, வேகம். ஒரு வாரத்தில் நாணய அளவு உள்ளங்கை அளவாகலாம்.

இரண்டு, ஓரம். புண்ணின் விளிம்பு நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் இருக்கும், சுற்றிச் சிவந்திருக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது; கருத்த ஊதாவாகத்தான் தெரியும். வெள்ளைத் தோல் படங்களை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம்.

மூன்று, விளிம்புக்கு அடியில் சதை அரிக்கப்பட்டிருக்கும். ஆற்றங்கரை அடியில் அரித்து, மேலே மட்டும் மண் துருத்தி நிற்குமே, அந்த மாதிரி.

நான்கு, வலி. இதுதான் என்னைப் பொறுத்தவரை வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய பெரிய அடையாளம். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன காலில் வரும் புண் பெரும்பாலும் உள்ளங்காலில் வரும், வலிக்காது. தொழுநோய்ப் புண்ணும் வலிக்காது. இதுவோ, போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி. புண்ணின் அளவுக்கும் வலிக்கும் பொருத்தமே இருக்காது.

காலும் குடலும்

எங்க பெரியம்மைக்கு வந்தது இப்படித்தான். இடது காலில், முன்னெலும்புப் பக்கம் ஒரு கொப்புளம். வேப்பிலை அடித்து மந்திரித்தாச்சு. பச்சிலை அரைத்துக் கட்டியாச்சு. கொஞ்சம் சுகரும் இருந்ததால், பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சர்க்கரைப் புண் என்று வெட்டிச் சுத்தம் செய்தார்கள். பத்து நாளில் இரண்டு மடங்கு. திரும்ப வெட்டினார்கள். மூன்றாவது தடவை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தபோதுதான் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம்.

அவர் காலைப் பார்த்தது இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு கேட்ட கேள்வி காலைப் பற்றியதே இல்லை.

"வெளிக்குப் போகும்போது ரத்தம் போகுதாம்மா?"

"ஆமா சார், அது மூலச்சூடு. ரெண்டு வருசமா இருக்கு. காலுக்கும் அதுக்கும் என்ன சார்?"

பெரியம்மை கேட்டதுதான் இந்த நோயின் மையமான கேள்வி. பயோடெர்மா கேங்ரினோசம் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உடம்புக்குள் வேறொரு நோய் இருக்கும். அதில் முதல் இடம் குடல் அழற்சி நோய்களுக்கு: பெருங்குடலில் புண் வருகிற அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குடலின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடிய க்ரோன் நோய். அடுத்தது முடக்குவாதம் போன்ற மூட்டு அழற்சி. அதற்கடுத்தது ரத்த நோய்கள். எலும்பு மஜ்ஜைக் கோளாறு, ரத்தப் புற்றுநோயின் சில வகைகள், ரத்தத்தில் ஒரே வகைப் புரதம் கூடிப்போவது. சில சமயம் அந்த நோய் முதலில் வரும், சில சமயம் புண் முதலில் வரும். குடல் சரியானால் புண்ணும் சரியாகும் என்று எப்போதும் சொல்ல முடியாது. இரண்டும் தனித்தனிப் போக்கில் போவதும் உண்டு.

நம் ஊரில் மலத்தில் ரத்தம் என்றால் மூலம், சூடு, கோழிக்கறி சாப்பிட்டது என்று ஏதாவது ஒரு காரணம் தயாராக இருக்கும். அதுவும் பெண்கள் இதை வெளியே சொல்லவே மாட்டார்கள். கால் புண்ணுக்கு வந்த இடத்தில் வயிற்றைப் பற்றி யாரும் கேட்காவிட்டால், இரண்டு நோயும் சேர்ந்தே தப்பித்துவிடும். பெரியம்மைக்குப் புண் ஓரத்தில் பயாப்ஸி எடுத்தார்கள், குடலில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உறுதியானது. மருந்து தொடங்கி ஒரு வாரத்தில் வலி பாதியானது. புண் முழுசாக மூடுவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. இப்போது அந்த இடத்தில் கசங்கிய காகிதம் மாதிரி மெல்லிய தழும்பு, நடுநடுவே சல்லடை போலச் சின்னச் சின்னக் குழி. இந்தச் சல்லடைத் தழும்பும் நோயின் ஓர் அடையாளம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

தவறிப்போவது ஒரு பக்கம், தவறாகச் சொல்வது மறுபக்கம்

இதுவரை படித்துவிட்டு, "ஆறாத புண் எல்லாம் இந்த நோய்தான் போல" என்று நினைத்துவிட வேண்டாம். அது இன்னும் பெரிய ஆபத்து. இந்த நோய்க்கு மருந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. புண் உண்மையில் காசநோயாலோ பூஞ்சையாலோ வந்திருந்தால், எதிர்ப்புச் சக்தியை அடக்குவது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான்.

2002-ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயோடெர்மா கேங்ரினோசம் மாதிரியே தோன்றி, கடைசியில் வேறு நோய் என்று தெரியவந்த 95 பேரைப் பற்றியது. அவர்களில் 64 பேருக்கு, இல்லாத அந்த நோய்க்கு வைத்தியம் நடந்திருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு அது பத்து மாதமோ அதற்கு மேலோ நடந்திருந்தது. உண்மையில் இருந்தது ரத்தக்குழாய் அடைப்பு, நாளப் புண், ரத்தக்குழாய் அழற்சி, புற்றுநோய், கிருமித் தொற்று, மருந்தால் வந்த பாதிப்பு போன்றவை. 1930-ல் நோய்க்குப் பெயர் வைத்த அதே மருத்துவமனையிலிருந்துதான் எழுபது வருஷம் கழித்து இந்த எச்சரிக்கையும் வந்தது.

நம் மண்ணில் கழித்துப் பார்க்க வேண்டிய பட்டியல் இன்னும் நீளம். உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார்; தோலிலும் காசநோய் வரும். வெறுங்காலோடு வயலில் நிற்பவர்களுக்கு மண்ணிலிருந்து பூஞ்சை ஏறும். இதில் நம் பக்கத்து ஊருக்கே ஒரு 'பெருமை' உண்டு. 1842-ல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர், கால் வீங்கி, பல துளைகள் வழியாகக் குருணை குருணையாகச் சீழ் வடிகிற ஒரு நோயைப் பதிவு செய்தார். அது 'மதுரைக் கால்' என்றே உலக மருத்துவத்தில் பெயர் பெற்றது. 1860-ல் பம்பாயில் வான்டைக் கார்ட்டர் அது பூஞ்சையால் வருவது என்று விளக்கி, மைசெட்டோமா என்று பெயர் வைத்தார். சில வகை பாக்டீரியாவாலும் அது வரும் என்பது பிறகு தெரிந்தது. இன்றும் அது ஒழிந்துவிடவில்லை. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் அதைச் சேர்த்தது. மைசெட்டோமா மெதுவாக, வருஷக்கணக்கில் வளரும், பெரும்பாலும் வலிக்காது. பயோடெர்மா கேங்ரினோசம் நாள்கணக்கில் வளரும், கடுமையாக வலிக்கும். இந்த வித்தியாசம் பெரிய உதவி, ஆனால் அதை மட்டும் நம்பி மருந்து தொடங்க முடியாது.

இவற்றோடு, நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்குக் கணுக்காலின் உள்பக்கம் வரும் நாளப் புண், புகையிலைப் பழக்கத்தால் ரத்தக்குழாய் அடைத்து விரல் நுனியில் தொடங்கும் புண், கண்ணாடி விரியன் கடித்த இடத்தில் சதை அழுகுவது, தொழுநோய், தோல் புற்றுநோய் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

இந்த நோய்க்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேனும் கிடையாது. ரொம்ப காலம், "மற்ற எதுவும் இல்லை, ஆகவே இதுதான்" என்றே சொல்லிவந்தார்கள். 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஒரு அளவுகோலை ஜாமா டெர்மட்டாலஜி இதழில் வெளியிட்டார்கள். அதில் கட்டாயமான அம்சம் ஒன்று: புண்ணின் ஓரத்தில் எடுத்த பயாப்ஸியில் நியூட்ரோபில்கள் திரண்டிருக்க வேண்டும். அதோடு கீழே உள்ள எட்டில் நாலாவது பொருந்த வேண்டும்.

- கிருமித் தொற்று இல்லை என்று பரிசோதித்துக் கழித்திருப்பது
- காயம் பட்ட இடத்தில் புண் வருகிற பேதர்ஜி குணம்
- குடல் அழற்சியோ மூட்டு அழற்சியோ இருப்பது
- பரு, கொப்புளம் என்று தொடங்கி விரைவில் குழியானது
- சிவந்த சுற்றுப்புறம், அடியில் அரித்த ஓரம், தொட்டால் வலி
- பல புண்கள், அவற்றில் ஒன்றாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்
- ஆறிய இடத்தில் சல்லடைத் தழும்பு அல்லது கசங்கிய காகிதத் தழும்பு
- எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடங்கி ஒரு மாதத்துக்குள் புண் சுருங்குவது

இந்த அளவுகோல், நோய் இருக்கிறவர்களில் 86% பேரைச் சரியாகப் பிடித்தது. இல்லாதவர்களில் 90% பேரைச் சரியாக விலக்கியது.

"வெட்டக்கூடாதுன்னு சொல்லிட்டு, பயாப்ஸிக்கு மட்டும் வெட்டலாமா?" என்று எங்க வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான சந்தேகம். பயாப்ஸியால் புண் கொஞ்சம் பெரிதாக வாய்ப்பு உண்டு. ஆனாலும் எடுக்கத்தான் வேண்டும் என்கிறார்கள், ஏனென்றால் அது இல்லாமல் ஸ்டீராய்டு தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குகிற மாதிரி. ஒரே ஒரு தடவை, ஓரத்திலிருந்து ஆழமாக எடுத்து, ஒரு பாதியை மைக்ராஸ்கோப்புக்கும் மறுபாதியைப் பாக்டீரியா, காசநோய், பூஞ்சை கல்ச்சர்களுக்கும் அனுப்புவார்கள். புண்ணின் நடுவில் எடுத்தால் செத்த சதைதான் கிடைக்கும்.

மருந்து

புண் சின்னது, ஒன்றுதான் என்றால் வெளிப்பூச்சே போதலாம். பிரிட்டனில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு அல்லது டாக்ரோலிமஸ் களிம்பு மட்டும் போட்ட 66 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், ஏறக்குறைய 44% பேருக்கு ஆறு மாதத்துக்குள் ஆறியது.

பெரிய புண் என்றால் மாத்திரை. இதில் 2015-ல் பிஎம்ஜே இதழில் வந்த ஸ்டாப் கேப் என்ற ஆய்வு முக்கியமானது. அரிய நோய்க்கு ஆள் சேர்ப்பதே கஷ்டம். அவர்கள் 121 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்குப் ப்ரெட்னிசலோன், மறுபாதிக்குச் சைக்ளோஸ்போரின். ஆறு மாத முடிவில் இரண்டிலுமே 47% பேருக்குத்தான் புண் ஆறியிருந்தது. ஆறியவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேருக்குத் திரும்ப வந்தது. இரண்டு பக்கமும் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது பக்கவிளைவு. ஆக, எந்த மருந்து உசத்தி என்ற கேள்வியைவிட, இந்த ஆளுக்கு எது தாங்கும் என்பதுதான் கேள்வி. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு சர்க்கரையைத் தூக்கிவிடும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவருக்குச் சைக்ளோஸ்போரின் ஆகாது.

இவற்றில் கேட்காவிட்டால் டிஎன்எஃப் என்ற அழைப்புச் செய்தியையே மறிக்கிற ஊசிகள் இருக்கின்றன. 2006-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில், இன்ஃப்ளிக்சிமாப் போட்ட 13 பேரில் 6 பேருக்கு இரண்டே வாரத்தில் முன்னேற்றம். வெறும் திரவம் போட்ட 17 பேரில் ஒருவருக்குத்தான். இதே வகையில் அடாலிமுமாப் ஊசியை இந்த நோய்க்கென்றே 2020-ல் ஜப்பான் அங்கீகரித்தது. அடாலிமுமாபின் உலகத்திலேயே முதல் மாற்று வடிவம் 2014-ல் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே மருந்து இங்கே கிடைக்கிறது. செலவுதான் பலருக்கு எட்டாது.

தொடங்கும் முன் நம் ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டியவை சில. நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும். தூங்கிக்கிடக்கிற காசநோய், டிஎன்எஃப் ஊசி போட்டால் எழுந்துவிடும். மஞ்சள் காமாலை வைரஸ் பி, எச்ஐவி. வெறுங்காலில் மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல்புழு இருக்கலாம். ஸ்டீராய்டு எடுக்கும்போது அது உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொன்று. டிகிரி இல்லாத சில வைத்தியர்கள் போடுகிற 'ஒரே ஊசி'யிலும் பேர் தெரியாத பொடியிலும் ஸ்டீராய்டு இருப்பது நடக்கிற விஷயம்தான். இரண்டு நாள் நன்றாக இருக்கும், நிறுத்தினால் திரும்ப வரும். இப்படி எடுத்திருந்தால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். பல வாரம் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது

மருந்து வேலை செய்கிறவரை புண்ணைத் தொந்தரவு செய்யாமல் வைத்திருப்பதுதான் வீட்டுக்காரர்களின் வேலை. உப்புநீரில் மெதுவாகக் கழுவி, ஒட்டாத கட்டுப் போட்டு, ஈரப்பதம் காயாமல் பார்த்துக்கொள்வது. தேய்ப்பது, நுரை பொங்கப் பெராக்சைடு ஊற்றுவது, சுண்ணாம்பு, சூடு, காரமான பச்சிலை எல்லாமே தோலுக்குக் காயம்தான். கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள்.

குற்றாலம் பக்கத்தில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கு. சாரல் சீசன் வந்தால் "அருவியில நாலு நாள் குளி, புண்ணெல்லாம் ஆறிரும்" என்று சொல்லாத ஆள் இல்லை. மூலிகை கலந்த தண்ணீர் என்ற நம்பிக்கை. குற்றாலத்துக் குளியலின் சுகத்தை நான் மறுக்கவில்லை, நானும் வருஷா வருஷம் போகிற ஆள்தான். ஆனால் திறந்த புண்ணோடு, அதுவும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும்போது, ஆயிரம் பேர் குளிக்கிற தண்ணீரில் இறங்குவது நல்லதல்ல. உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரின் அடியும், அங்கே செய்கிற எண்ணெய் மசாஜும் பேதர்ஜி உள்ள தோலுக்கு வேண்டாத சீண்டல். புண் ஆறின பிறகு அருவி அங்கேயேதான் இருக்கும்.

நம் மாவட்டத்தில் எத்தனை பேர்?

மேற்கு நாடுகளின் கணக்குப்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 3 முதல் 10 பேருக்கு இந்த நோய் புதிதாக வருகிறது. தென்காசி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 14 லட்சம். அதே விகிதம் இங்கேயும் இருக்குமானால் வருஷத்துக்கு 4 முதல் 14 பேர். ஒரு டாக்டர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டுதான் பார்ப்பார், பார்த்தாலும் சட்டென்று நினைவுக்கு வராது. அதை அவர் குறையாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு சின்னதில்லை. பிரிட்டனில் 313 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், இந்த நோய் உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்று தெரிந்தது.

அதனால் வீட்டில் யாருக்காவது புண் ஆறாமல் இருந்தால், குறிப்பாக வெட்டிச் சுத்தம் செய்த பிறகு பெரிதானால், இரண்டாவது தடவை வெட்டும் முன் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். "சார், ஓரத்துல பயாப்ஸி எடுத்துப் பாக்கலாமா?" "காசநோய்க்கும் பூஞ்சைக்கும் கல்ச்சர் அனுப்பலாமா?" "ஒரு தோல் டாக்டரையும் பாக்கச் சொல்றீங்களா?" காய்ச்சல், மயக்கம், மணிக்கணக்கில் பரவும் வீக்கம் இருந்தால் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருக்கக் கூடாது, அது உயிர் பறிக்கிற கிருமித் தொற்றாக இருக்கலாம், அங்கே உடனே வெட்டுவதுதான் வைத்தியம். மற்றபடி, பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கிற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி, தோல் பிரிவும் குடல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடமாகப் பார்த்துப் போவது அலைச்சலைக் குறைக்கும்.

போகும்போது புண்ணின் போட்டோக்களைக் கையில் வைத்திருங்கள். தினமும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, போனில் எடுத்தால் போதும். எத்தனை நாளில் எவ்வளவு வளர்ந்தது, எந்த வெட்டுக்குப் பிறகு வளர்ந்தது என்பதை வாயால் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும். வயிறு, மூட்டு, வாய்ப்புண் பற்றியும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஏற்கெனவே இந்த நோய் வந்து ஆறியவர்கள், பல் பிடுங்கப் போனாலும் சரி, கண்புரை ஆபரேஷனுக்குப் போனாலும் சரி, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெரியம்மையின் பர்ஸில், ஆதார் கார்டுக்குப் பின்னால், நோயின் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதின ஒரு சீட்டு எப்பவும் இருக்கும். கீழே டாக்டர் கையெழுத்தோடு ஒரே ஒரு வரி: என்னைக் கேட்காமல் புண்ணை வெட்ட வேண்டாம்.